பயந்தவருக்கும் சமாதானம் உண்டு

"விசுவாசி பயப்பட மாட்டான். பயப்படுகிறவனிடம் விசுவாசம் இல்லை." மலையகத்துக் கிறிஸ்தவர்களிடையே இந்த அளவுக்கு மறுபேச்சில்லாமல் நிலைத்துவிட்ட கருத்து வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கினிகத்தேனையைச் சுற்றியுள்ள எந்தத் தோட்டத்து ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும் இது காதில் விழும். பாஸ்டர்மார் மட்டும் சொல்வதில்லை. மலையில் கொழுந்து பறிக்கும் அக்கா பக்கத்து நிரைக்காரிக்குச் சொல்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நிற்கும் உறவினர் நோயாளிக்குச் சொல்கிறார். மகளை மத்திய கிழக்குக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு இரவில் தூங்க முடியாமல் கிடக்கும் தாய்க்கு, ஆறுதல் சொல்ல வந்தவர்களே இதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தகொஸ்தே சபையார் என்ற வேறுபாடும் இதில் அதிகமில்லை.

இந்தக் கருத்து வேதத்துக்கு விரோதமானது. நொந்தவரை மேலும் நோகடிப்பது. மழைக்காலத்தில் உயிருக்கே ஆபத்தானது. கிறிஸ்துவை விசுவாசித்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அவர் தரும் சமாதானம் மெய்யானது என்று நம்புகிறபடியால், அதன் பெயரால் வேறொன்றை ஏழை வீடுகளில் ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருக்க முடியவில்லை.

நாம் இங்கே எதற்குப் பயப்படுகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பயத்தைக் கண்டிக்கிறவர்கள் அதன் காரணத்தைப் பேசுவதே கிடையாது. கித்துல்கலையைத் தாண்டி மேலே ஏறும் ஹட்டன் வீதியில், தென்மேல் பருவக்காற்று வந்து முட்டும் மலைச்சரிவில் இருக்கிறது கினிகத்தேனை. பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நாட்டிலேயே அதிகம் நனையும் இடங்களில் அது ஒன்று. 2019 ஜூலையில் கினிகத்தேனை நகரிலேயே மண் சரிந்து வீதியோரக் கடைகள் இடிந்து விழுந்தன. அதற்கு முன், 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் அடித்தபோது நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தே பலர் போனார்கள். மண் சரியும்போது அம்மன் படம் மாட்டிய காம்பரா எது, சிலுவை மாட்டிய காம்பரா எது என்று பார்த்துச் சரியவில்லை.

லயம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். சரிவை வெட்டிச் சமப்படுத்தி, பின்சுவர் மண்மேட்டை ஒட்டியபடி வரிசையாகக் கட்டிய காம்பராக்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. மேலே தகரம். இரவு மழை கொட்டத் தொடங்கியதும் அங்கே ஒரு தாய் விழித்துக்கொள்கிறார். தகரத்தில் விழும் சத்தம் ஒரே சீராக இருக்கிறதா, கூடுகிறதா என்று கேட்கிறார். பின்னால் கானில் ஓடும் தண்ணீர் தெளிவாக ஓடுகிறதா, கலங்கி வருகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்கிறார். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று நிலையில் இறுகுகிறதா, இஸ்தோப்புத் தரையில் புது வெடிப்பு விட்டிருக்கிறதா, மேட்டில் நிற்கும் மரம் சாய்ந்திருக்கிறதா, ஊற்றே இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கிறதா என்று பார்க்கிறார். மண்சரிவின் முன்னடையாளங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பவையும் இவைதான். அந்தத் தாய்க்கு இந்தக் கூர்மையைக் கொடுத்தது பயம். அவரிடம் போய் "உங்களுக்கு விசுவாசம் போதாது" என்று சொல்கிறவர் அவருடைய கண்ணைக் கட்டுகிறார்.

இந்தப் போதனைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. யோவானின் முதல் நிருபம் நான்காம் அதிகாரத்தில், அன்பு நிறைந்த இடத்தில் பயம் தங்காது என்ற கருத்தில் வருவது ஒன்று. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில், கடவுள் நமக்குக் கொடுத்தது கோழை மனம் அல்ல என்ற கருத்தில் வருவது இன்னொன்று. வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தில், அக்கினிக் கடலுக்குப் போகிறவர்களின் பட்டியலில் பயப்படுகிறவர்கள் முதலில் நிற்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

மூன்றையும் முன்னும் பின்னும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். யோவான் பேசுவது நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிய பயத்தை, தண்டனையைப் பற்றிய பயத்தை. கடவுள் கையோங்கி நிற்கிறார் என்று நடுங்குகிறவருக்கு அவர் சொல்லும் ஆறுதல் அது. மலை சரியுமோ என்ற பயம் அங்கே பேச்சிலேயே இல்லை. யோசித்துப் பார்த்தால், "உனக்கு விசுவாசம் இல்லாததால்தான் உன் வீட்டில் இப்படி நடக்கிறது" என்று மிரட்டுகிறவர்கள், யோவான் எந்தப் பயத்தை விரட்டப் பாடுபட்டாரோ அதையே திரும்பக் கூட்டிவந்து லயத்துக்குள் விடுகிறார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதியதிலோ, கோழை மனத்துக்கு எதிராகச் சொல்லப்படும் மூன்று வரங்களில் ஒன்று தெளிந்த புத்தி. மண்சரிவுக்கான சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் தெளிந்த புத்தியுள்ளவர் என்ன செய்வார்? பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வெளியேறுவார். வெளிப்படுத்தின விசேஷம், ரோம அரசின் நெருக்குதலுக்கு முன் கிறிஸ்துவை மறுதலித்துவிடும் சோதனையில் இருந்த சபைகளுக்கு எழுதப்பட்டது. அங்கே குற்றம் சாட்டப்படுவது காட்டிக்கொடுக்கும் கோழைத்தனம். பிள்ளையை அணைத்துக்கொண்டு மழைச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய் அந்தப் பட்டியலில் இல்லை.

வேதத்தில் "பயப்படாதே" என்று 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று என்றும் பிரசங்கங்களில் சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. எத்தனை தடவை என்பதை விட, அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பது முக்கியம். பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாவதைப் பார்க்க முடியாமல் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுத ஆகாருக்கு. தேவதூதனைக் கண்டு கலங்கிய கன்னி மரியாளுக்கு. இரவில் ஆட்டுமந்தையோடு இருந்த மேய்ப்பர்களுக்கு. எல்லோரும் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தவர்கள். இடி இடிக்கும்போது மடியில் வந்து விழும் குழந்தையிடம் தாய் பயப்படாதே என்கிறாள். பயந்த குற்றத்துக்காக அதை மடியிலிருந்து இறக்கிவிடுவதில்லை.

"இயேசுவே புயலில் சீடர்களைக் கடிந்துகொண்டாரே" என்று கேட்பார்கள். கடிந்துகொண்டார், உண்மைதான். ஆனால் மாற்குவும் லூக்காவும் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். சீடர்கள் பயந்துபோய் அவரை எழுப்புகிறார்கள். அவர் எழுந்து முதலில் காற்றையும் கடலையும் அடக்குகிறார். விசுவாசத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகே வருகிறது. நம் பிரசங்கங்களில் கேள்வி மட்டும் வருகிறது. உதவி வருவதில்லை.

91ஆம் சங்கீதத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நம் லயங்களில் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் அந்தச் சங்கீதம் கதவில் ஒட்டியிருக்கும். அதை எழுதி ஒட்டி ஜெபித்துவிட்டால் இந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகாது, எழும்பி ஓடுவது கர்த்தரைச் சந்தேகிப்பது என்று சொல்லப்படுவதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அந்தச் சங்கீதத்தை அதே விதமாகப் பயன்படுத்திய ஒருவன் வேதத்தில் இருக்கிறான். மத்தேயு, லூக்கா இரண்டிலும் நான்காம் அதிகாரத்தில், பிசாசு இயேசுவை எருசலேம் ஆலயத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்கிறான். அவன் எடுத்துக்காட்டும் வேத ஆதாரம் 91ஆம் சங்கீதம்தான். இயேசு குதிக்கவில்லை. கடவுளைப் பரீட்சை பார்ப்பது தகாது என்று நியாயப்பிரமாணத்தைக் காட்டி மறுத்துவிட்டார். சரியப்போகிறது என்று எல்லா அடையாளமும் தெரிந்த மேட்டின் அடியில், கர்த்தர் காப்பார் என்று பிள்ளைகளோடு படுத்திருப்பதும் அந்த உச்சியிலிருந்து குதிப்பதும் ஒன்றே. அப்படிப் படுத்திருக்கச் சொல்கிறவர், தெரியாமல்தான் என்றாலும், அந்த இடத்தில் யாருடைய வசனத்தைத் திரும்பச் சொல்கிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 91ஆம் சங்கீதம் அடைக்கலம் தேடிப் போகிறவரின் ஜெபம். எழுந்து போகிற காலோடு சேர்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

யோசேப்பு அப்படி எழுந்து போனவர். சொப்பனத்தில் எச்சரிக்கை வந்ததும் அவர் விடியும்வரை காத்திருக்கவில்லை. அந்த இரவிலேயே பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். உலக இரட்சகரின் உயிர், ஒரு தச்சன் எச்சரிக்கையை மதித்ததால் காப்பாற்றப்பட்டது. பிறகு ஏரோது செத்துத் திரும்பி வரும்போது, யூதேயாவில் அவன் மகன் அர்கெலாயு ஆளுகிறான் என்று கேள்விப்பட்டு அங்கே போக யோசேப்பு பயந்தார் என்று மத்தேயு ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை. அந்தப் பயத்தால்தான் குடும்பம் கலிலேயாவுக்குத் திரும்பியது, நாசரேத்தில் குடியேறியது. நாசரேத்து இயேசு என்று நாம் சொல்லும்போதெல்லாம் யோசேப்பின் பயத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.

பவுலும் இதற்கு விலக்கல்ல. தமஸ்குவில் அவரைக் கூடையில் வைத்து மதிலுக்கு வெளியே இறக்கித்தான் தப்பவைத்தார்கள். உள்ளுக்குள் பயங்கள் இருந்ததையும், ஆசியாவில் பிழைப்போம் என்ற எண்ணமே அற்றுப்போனதையும் கொரிந்தியருக்கு அவரே எழுதுகிறார். சிறையிலிருந்து பிலிப்பியருக்குக் கடவுளின் சமாதானத்தைப் பற்றி எழுதியவரும் இந்த மனிதர்தான். எல்லாவற்றுக்கும் மேலாகக் கெத்செமனே இருக்கிறது. வியர்வை இரத்தத் துளிகளைப் போல விழ, இந்தப் பாத்திரம் நீங்காதா என்று மூன்று தரம் கேட்டவர், கூட விழித்திருங்கள் என்று நண்பர்களிடம் கெஞ்சியவர் யார்? பயந்தவருக்கு விசுவாசம் இல்லை என்றால் அந்தத் தோட்டத்தில் முழங்காலில் நின்றவரை என்னவென்று சொல்வோம்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர். அடுத்த ஞாயிறு ஏப்ரல் 28ஆம் திகதி ஆலயங்களில் பூசை இல்லை. கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஒப்புக்கொடுத்த பூசையை மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் கண்டார்கள். இன்னும் தாக்குதல் நடக்கலாம் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தை மதித்துக் கதவுகளைச் சாத்தினார்கள். சரியான முடிவு. அதை அவிசுவாசம் என்று யாரும் சொல்லவில்லை. கொழும்பில் ஆயர்களின் பயம் விவேகம் என்றால், கினிகத்தேனையில் லயத்துப் பெண்ணின் பயம் மட்டும் எப்படிப் பாவமாகும்?

அந்தக் குண்டுவெடிப்பிலும் எச்சரிக்கைகள் முன்கூட்டியே வந்திருந்தன. அவற்றைக் கண்டும் பொறுப்பில் இருந்தவர்கள் செயற்படாமல் இருந்தார்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி உத்தரவிட்டது. மீரியபெத்தையிலும் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மக்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. மக்கள் போகவில்லையே என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. எங்கே போவது? தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு பேர்ச் காணி சொந்தமில்லை. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டார்கள். எஞ்சியவர்கள் எல்லோரும் இந்நாட்டுப் பிரஜைகள் என்று சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டு ஆனது. இப்படிப்பட்ட மக்களிடம் "பயப்படாதே, இருந்த இடத்திலேயே இரு" என்று சபையும் சேர்ந்து சொன்னால், காணி கொடுக்க வேண்டியவர்களுக்கு அதைவிடச் சௌகரியமான பிரசங்கம் கிடையாது. மலையகத்தில் சுவிசேஷம் வந்த வழியை நாம் மறந்துவிடக்கூடாது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டத் துரைமாரின் சந்தாப் பணத்தையும் ஆதரவையும் கொண்டு நடந்தது. அதில் கால்நடையாகத் தோட்டம் தோட்டமாக அலைந்த உபதேசிமாரின் உழைப்பு உண்மையானது. ஆனால் பணம் கொடுத்த துரைக்கு அடங்கிப்போகும் தொழிலாளி வேண்டியிருந்தது என்பதும் உண்மை. அந்தப் பழைய தேவைக்கு இன்றும் நாம் வசனம் எடுத்துக்கொடுக்க வேண்டுமா?

இந்தப் போதனை செய்யும் கெடுதலில் மிகக் கொடியது, சாவுக்குப் பிறகு வருவது. மண்ணுக்குள் போன தாயின் பிள்ளை, அம்மாவுக்கு விசுவாசம் இருந்ததா இல்லையா என்று வாழ்நாள் முழுக்க யோசிக்க வேண்டியதாகிறது. சீயோன் தேவாலயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்கு இந்தப் போதனையில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. பிழைத்தவரைப் பார்த்து விசுவாசம் காப்பாற்றியது என்று சாட்சி சொல்லத் தெரிந்த நாவுக்கு, செத்தவரின் வீட்டு வாசலில் பேச்சு வருவதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வாயடைத்துப்போகும் போதனை சுவிசேஷமாக இருக்க முடியாது. கல்லறை வாசலில் நின்று பேசத் தொடங்கியதுதான் சுவிசேஷம்.

ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களை இழிவாகப் பேசுவது என் நோக்கமல்ல. பெரிய சபைகள் வாகனம் போகும் வீதியோடு நின்றுவிட்ட இடங்களில், ஒற்றையடிப் பாதையில் அட்டைக்கடியோடு ஏறிப்போய் மேற்பிரிவு லயத்தில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபிக்கிறவர்கள் அவர்கள்தான். குடியை விட்டுச் சம்பளத்தை வீட்டில் கொடுக்கத் தொடங்கிய ஆண்கள் பலர் அந்தக் கூட்டங்களில் திருந்தியவர்கள். அந்தப் பெண்கள் வாய்விட்டு அழ இந்த ஊரில் வேறு இடமும் இல்லை. அதனால்தான் அவர்கள் சொல்லும் வார்த்தைக்கு இத்தனை கனம். கனமான வார்த்தையைப் பார்த்துத்தான் இறக்கிவைக்க வேண்டும்.

தொழிற்சங்கத்தில் வளர்ந்த நண்பர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அதனால்தான் மதமே வேண்டாம் என்கிறோம் என்பார்கள். மார்க்ஸ் மதத்தை அபினோடு ஒப்பிட்டதை நினைவூட்டுவார்கள். அதே பத்தியில் அவர் மதத்தை ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சாகவும் துன்பத்துக்கு எதிரான முறைப்பாடாகவும் பார்த்தார் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அவர்கள் ஒரு வரலாற்றையும் பார்க்க வேண்டும். போல் கஸ்பர்ஸ் என்ற இயேசு சபைக் குருவானவர் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்துத் தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் உருவாக முன்னின்றார். தோட்டங்களில் பசியால் மக்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. மலையகத் தமிழரின் பிரஜாவுரிமைக்கும் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் பல பத்தாண்டுகளாகக் குரல் கொடுத்த அவர், ஜெபத்தைக் கைவிட்டுவிட்டு அந்த வேலைக்கு வரவில்லை. குருநாகலின் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க 1983 ஜூலைக் கலவரம் நடந்தபோது இங்கிலாந்தில் இருந்தார். இருதய நோயோடு திரும்பி வந்து, பாதிக்கப்பட்ட தமிழரைத் தேடிப் போய்ப் பார்த்து, சிங்கள மக்கள் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதினார். அந்த ஒக்டோபரிலேயே இறந்துபோனார். இவர்களைத் தூங்கவைத்த மதம் எது?

அமெரிக்காவிலிருந்து ஒரு இரவையும் சொல்ல வேண்டும். 1956 ஜனவரி, மொன்ட்கொமரி நகரம். கறுப்பின மக்கள் பஸ் பகிஷ்கரிப்பு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். நடு இரவில் தொலைபேசியில் கொலை மிரட்டல். 27 வயது மார்ட்டின் லூதர் கிங்குக்குத் தூக்கம் போய்விட்டது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் தூங்குகிறார்கள். அவர் சமையலறை மேசையில் கோப்பியை வைத்துக்கொண்டு, தலையைக் கையில் தாங்கி, வாய்விட்டு ஜெபித்தார். நான் பலவீனனாகிவிட்டேன், தைரியம் போகிறது, இனி என்னால் தனியே முடியாது என்ற ஒப்புதல்தான் அந்த ஜெபம். பயத்தை அவர் மறைக்கவில்லை. கடவுளின் முன்னால் அதை அப்படியே வைத்தார். சமாதானம் அங்கேதான் வந்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். மூன்று நாளில் அவர் வீட்டு வாசலில் குண்டு வெடித்தது. ஆபத்து நீங்கவில்லை, அவரும் பின்வாங்கவில்லை.

கிறிஸ்தவ சமாதானம் என்று நான் சொல்வது இதைத்தான். பயம் இல்லாதது போல முகத்தை வைத்துக்கொள்வதில் அது கிடைக்காது. பயத்தைச் சொல்ல ஒருவர் இருக்கிறார், சொன்னதற்காக அவர் தள்ளிவிட மாட்டார் என்ற உறுதியில் கிடைக்கும். சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தான். கடவுளின் வீட்டில் அழுகைக்கு அவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் ஜெபக்கூட்டத்தில் ஏன் அதற்கு இடமில்லை? துதிப்பாட்டுக்கு நடுவே, "ஆண்டவரே, மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஒரு பெண் சொல்ல முடிந்தால், அந்த வெடிப்பு பக்கத்து வீட்டாருக்கும் தெரியவரும். மறைத்த பயம் ஒருவரைத் தனியாக வாட்டும். சபையில் சொன்ன பயத்தைப் பத்துப் பேர் சுமப்பார்கள்.

"ஓடத்தான் வேண்டுமென்றால் விசுவாசம் எதற்கு? விசுவாசம் இல்லாதவனும் ஓடுகிறானே" என்பது அவர்களுடைய கடைசிக் கேள்வி. நல்ல கேள்விதான். ஓடுவது ஒரு இரவு வேலை. அதற்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துக் கழியும் மாதங்கள் இருக்கின்றன. வீடு எப்போது கிடைக்கும், ஏழு பேர்ச் காணி எங்கே தருவார்கள், பிள்ளையின் பரீட்சை என்ன ஆகும், வேலைக்குப் பேர் போடாத நாட்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்று ஒன்றும் தெரியாத மாதங்கள். மனிதர் நொறுங்கிப்போவது அங்கேதான். அங்கே, நான் கைவிடப்பட்டவள் அல்ல, இந்தத் துன்பம் என் பாவத்துக்கான தண்டனை அல்ல, பாடுபட்டுச் செத்தவர் என் பக்கத்தில் இந்தப் பாயில் இருக்கிறார் என்று அறிந்திருப்பது சிறிய காரியமா? அந்த அறிவுள்ளவர் தன் பங்குப் பருப்பைப் பகிர்ந்துகொள்வார், பிரதேச செயலகத்து வாசலில் போய் வரிசையில் நிற்பார், தன் உரிமையைக் கேட்பார், இரவில் கொஞ்சம் தூங்கவும் செய்வார்.

தப்ப முடியாமல் போகிற நேரமும் உண்டு. ஏசாயாவின் 54ஆம் அதிகாரமும் 46ஆம் சங்கீதமும் மலைகள் பெயர்ந்துபோவதைப் பற்றிப் பேசுகின்றன. மலைநாட்டில் இருந்துகொண்டு அந்தப் பகுதிகளை நாம் எப்படி இவ்வளவு காலம் மேலோட்டமாகப் படித்தோம்? மலை அசையாது என்று அங்கே எந்த வாக்குறுதியும் இல்லை. மலை அசையலாம் என்று எடுத்துக்கொண்டே அந்த வாக்குறுதி பேசுகிறது. அசையாதது கடவுளின் இரக்கமும் அவர் செய்த சமாதான உடன்படிக்கையும். மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவர்களையும் கட்டுவாப்பிட்டியில் பூசை நேரத்தில் செத்தவர்களையும் அந்த உடன்படிக்கை கைவிடவில்லை என்பதே என் விசுவாசம். அவர்களுடைய விசுவாசத்தின் அளவை எடைபோடத் தேவையில்லாத விசுவாசம் அது.

மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். அதற்கு முன் ஒவ்வொரு சபையும் செய்யக்கூடியவை இருக்கின்றன. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஆபத்தான சரிவில் இருப்பவர்கள் வெளியேறிவிட வேண்டும் என்பதை வேதபாடத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். மழைமானி ஒன்றை ஆலய வளவில் வைத்து, அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை வாலிபரிடம் கொடுக்கலாம். எழும்ப முடியாத கிழவர்களும் கர்ப்பிணிகளும் எந்தக் காம்பராவில் இருக்கிறார்கள், யார் யாரைத் தூக்குவது என்று இப்போதே பேசி வைக்கலாம். அடையாள அட்டைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கையெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லலாம். காணி கேட்டு எழுதும் மனுவில் கோயில் கமிட்டியோடும் சங்கத் தலைவரோடும் சேர்ந்து பாஸ்டரும் ஃபாதரும் கையெழுத்துப் போடலாம். சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் பாஸ்டர் காம்பரா காம்பராவாகப் போய்க் கதவைத் தட்டி, "எழும்புங்க, ஆண்டவர் பேரால சொல்றேன், எழும்பி வாங்க" என்று கூப்பிடலாம். ஆலயத்துச் சாவி எந்த வீட்டில் இருக்கிறது என்பது அந்தப் பிரிவில் உள்ள எல்லோருக்கும், கிறிஸ்தவரல்லாத வீடுகளுக்கும், தெரிந்திருக்க வேண்டும்.